“அது எங்க இருக்கு கண்ணு?” – அப்பாவின் சாயத்தொட்டியும் மகளின் மைக்ரோஸ்கோப்பும்

அந்த அறையில் விளக்கு எரியக் கூடாது. சென்னையில் ஓர் ஆய்வகத்தின் கடைசி மூலையில் இருக்கும் மைக்ரோஸ்கோப் அறை அது. ஏ.சி குளிருக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் பத்துப் பன்னிரண்டு செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீல உருண்டை. அதுதான் உட்கரு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய பச்சைக் கோடு, கோலத்தைச் சுற்றிக் காவிக் கரை கட்டியதுபோல.

அந்தப் பச்சைதான் அவளுடைய பிஹெச்.டி. ஹெச்-ராஸ் என்ற புரதம் அது. செல்லுக்குள் அது எங்கே போய் உட்காருகிறது, உட்கார விடாமல் செய்தால் என்ன ஆகிறது என்பதுதான் அவளுடைய மூன்று வருட வேலை. திரையில் இருந்தவை சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல்கள்.

போன் சைலன்ட்டில் இருந்தது. வெளியே வந்து எடுத்தபோது அம்மாவிடமிருந்து ஐந்து மிஸ்டு கால்.

“கண்ணு, பயந்துக்காத. உங்கப்பாவுக்கு ஒண்ணுக்குப் போனா ரத்தமா போகுது. இன்னிக்கு நானே பாத்துட்டேன். மூணு மாசமா இப்படித்தானாமா. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல பாரு இந்த மனுஷன்.”

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். இந்த மூன்று மாதத்தில் இரண்டு தடவை ஊருக்குப் போய் வந்திருந்தாள். பொங்கலுக்கு நாலு நாள் முழுசாக வீட்டில் இருந்தாள். அப்பா எதிரில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

“சாயத் தண்ணின்னு நெனச்சேன்”

பவானியில் ஜமக்காளத்துக்கு நூல் சாயம் போடுகிறவர் அப்பா. முப்பது வருடத்துக்கும் மேலாக அதே வேலை. நூல் சிட்டங்களைச் சாயத்தொட்டியில் முக்கி, புரட்டி, பிழிந்து, மூங்கிலில் உலரப் போடுவார். அவர் கையின் உண்மையான நிறம் என்ன என்று அவளுக்குச் சின்ன வயதில் தெரியாது. ஒரு வாரம் சிவப்பு, ஒரு வாரம் பச்சை. பள்ளிக்கூடத்தில் யாராவது “உங்கப்பா கை ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்டால் சண்டைக்குப் போவாள்.

மறுநாள் காலை வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். குற்றவாளியைப்போல ஒரு சிரிப்பு.

“எதுக்குக் கண்ணு லீவு போட்டு வந்தே? ஒண்ணும் இல்ல. வலியே இல்ல பாரு.”

அந்த வார்த்தைதான் அவளைப் பயமுறுத்தியது. வலியோடு ரத்தம் வந்தால் கல்லாகவோ, கிருமித் தொற்றாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். வலியே இல்லாமல் ரத்தம் வருவதுதான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகப் பெரும்பாலும் தெரிவது. பாடத்தில் படித்தது, கட்டுரைகளில் எழுதியது, கருத்தரங்கில் அவளே மேடையேறிச் சொன்னது.

“எப்பப்பா மொதல்ல வந்துச்சு?”

“தீபாவளி முடிஞ்சு கொஞ்ச நாள்ல. கையில சாயம் இருந்துச்சா, அதான் செவப்பாத் தெரியுதுன்னு நெனச்சேன். ரெண்டு நாள்ல நின்னுபோச்சு. அப்புறம் ஒரு மாசம் ஒண்ணுமே இல்ல. மறுபடியும் வந்துச்சு. பீட்ரூட் தின்னதாலன்னு நெனச்சேன். அதுவும் நின்னுபோச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “பொம்பளப் புள்ளகிட்டப் போயி ஒண்ணுக்குப் போற சங்கதியெல்லாம் எப்படிக் கண்ணு சொல்றது?”

அதற்கு அவளிடம் பதில் இல்லை. அவளும் இத்தனை வருடத்தில் தான் எந்தப் புற்றுநோயை ஆராய்கிறாள் என்று வீட்டில் சொன்னதில்லை. ‘கேன்சர் ஆராய்ச்சி’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ‘சிறுநீர்ப்பை’ என்ற வார்த்தையை அப்பா எதிரில் சொல்ல அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

ஊறப்போட்ட நூல்

ஸ்கேனில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வளர்ச்சி தெரிந்தது. ஈரோட்டில் பார்த்த சிறுநீரக மருத்துவர் இரண்டு கேள்விகள் கேட்டார். “பீடி, சிகரெட் உண்டா? என்ன வேலை பார்க்கிறீங்க?”

இரண்டுக்கும் அப்பா சொன்ன பதிலை மருத்துவர் குறித்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. முப்பது வருடம் சாயம்.

அந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1895-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் தயாரிக்கும் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்துச் சொன்னார். பின்னாளில் சாயத் தயாரிப்பில் பயன்பட்ட சில வேதிப்பொருள்களே அதற்குக் காரணம் என்று உறுதியானது. ஆனால், இன்று உலகம் முழுக்க இந்த நோய்க்கு மிகப் பெரிய காரணம் புகைதான். புகையில் இருக்கும் நச்சு ரத்தத்தில் கலக்கிறது. அதைச் சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீரில் சேர்க்கிறது. அந்தச் சிறுநீர் மணிக்கணக்கில் பையில் தேங்கி நிற்கிறது.

மருத்துவர் இதை விளக்கியபோது அப்பா சட்டென்று சொன்னார். “நூலைத் தொட்டியில ஊறப்போட்ட மாதிரிங்களா?”

மருத்துவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, “ஆமாங்க. அதேதான்” என்றார்.

சிறுநீர் வரும் வழியாகவே கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டு, கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். உடம்பில் வெளியே ஒரு தையல்கூட இல்லை. எடுத்த சதைத் துண்டு பரிசோதனைக்குப் போனது. “ரிப்போர்ட் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும்” என்றார்கள்.

அந்தப் பத்து நாளும் அவள் ஊரிலேயே இருந்தாள்.

“நீ அங்க என்னதான் பண்றே?”

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா கேட்டார். “நீ அங்க என்னதான் கண்ணு பண்றே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாப்போம்.”

அவள் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். நீல உருண்டை, பச்சைக் கரை.

“இதுவும் சாயந்தானே?” என்றார் அவர். முகத்தில் ஒரு வெளிச்சம்.

“நீலம் சாயம்தான்ப்பா. உட்கருல மட்டும் ஏறும். பச்சை, ஜெல்லி மீன்கிட்ட இருந்து எடுத்த ஒளிர்ற புரதம். நாங்க பாக்க வேண்டிய புரதத்தோட அதை வாலு மாதிரி ஒட்டிடுவோம். அது எங்க போனாலும் பச்சையாத் தெரியும்.”

அப்பாவுக்காக இன்னொன்றும் சொன்னாள். இப்போது அவருடைய சதைத் துண்டையும் சாயம் போட்டுத்தான் பார்ப்பார்கள். அதில் ஒன்றான ஹிமடாக்சிலின், ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருவது. ஒரு காலத்தில் அந்தக் கட்டையைக் கொதிக்கவைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றினார்கள். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டு, “கேட்டியா? டாக்டருங்களும் சாயக்காரங்கதான்” என்றார்.

பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “பச்சை ஏன் ஓரத்துல மட்டும் இருக்கு?”

அவளுடைய ஆய்வே அந்தக் கேள்விதான்.

செல்லுக்குச் சுவர்போல ஒரு மெல்லிய உறை உண்டு. வளரச் சொல்லும் சேதி வெளியிலிருந்து வந்தால், அதை வாசலில் வாங்கி உள்ளே அனுப்புகிற வேலை ஹெச்-ராஸுக்கு. காலிங் பெல் சுவிட்ச் மாதிரி. சேதி வந்தால் ஆன், முடிந்ததும் ஆஃப். அந்தச் சுவிட்ச் ஆனிலேயே சிக்கிக்கொண்டால்? யாருமே வராத வாசலில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவர்கள் யாரோ வந்துவிட்டார்கள் என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். செல் பெருகிக்கொண்டே போகும். அதுதான் புற்றுநோயின் ஒரு வழி.

“சுவிட்ச் எப்படிச் சிக்குது?” என்றார் அப்பா.

அதற்கு அவள் ஒரு பாட்டியின் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

பெயர் தெரியாத ஸ்வீடன் பாட்டி

1970. ஸ்வீடனில் 81 வயதுப் பெண் ஒருவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். அந்தக் கட்டியிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார்கள். அவை சாகவில்லை, பெருகின. ‘டி24’ என்று பெயர் வைத்து 1973-ல் அறிவித்தார்கள். பிறகு அந்தச் செல்கள் நாடு நாடாகப் போயின. சென்னையில் அவள் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதும் அந்தப் பாட்டியின் செல்களைத்தான்.

1982-ல் அமெரிக்காவில் மூன்று குழுக்கள், ராபர்ட் வைன்பெர்க், மரியானோ பார்பசிட், மைக்கேல் விக்லர் ஆகியோரின் குழுக்கள், ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரு விடையை வந்தடைந்தன. பார்பசிட் குழுவின் கட்டுரையில் முதல் பெயர், இந்தியாவில் பிறந்த பிரேம்குமார் ரெட்டியுடையது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல்லின் மரபணுவை எடுத்து எலிச் செல்லுக்குள் வைத்தால் அதுவும் புற்றுச் செல்லாக மாறுகிறது. ஆரோக்கியமான மனிதரின் அதே மரபணுவை வைத்தால் ஒன்றும் ஆவதில்லை. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

ஒரே ஓர் எழுத்து. அதனால் 189 மணிகள் கோத்த அந்தப் புரத மாலையில் 12-வது மணி மட்டும் மாறியிருந்தது. கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். அவ்வளவுதான். சுவிட்ச் சிக்கிக்கொள்ள அதுவே போதுமானதாக இருந்தது. மனிதப் புற்றுநோய் ஒன்றின் மரபணுவில் இப்படித் துல்லியமாக ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தது அதுவே முதல்முறை. வைன்பெர்க் குழு வைத்திருந்த செல்களுக்கு வேறு பெயர் இருந்தது. அவையும் டி24 செல்களேதான் என்று பின்னால் தெரியவந்தது.

“அந்தம்மா பேரு என்ன?” என்றார் அப்பா.

“தெரியாதுப்பா. வயசு 81, பொம்பளை, ஸ்வீடன். பதிவுகள்ல அவ்வளவுதான் இருக்கு.”

அப்பா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவங்களும் மொதல்ல யார்கிட்டயும் சொல்லாமத்தான் இருந்திருப்பாங்க” என்றார்.

சாயம் பிடிக்காத நூல்

சுவிட்ச் சிக்கினாலும், அது வாசலில் இருந்தால்தான் கெடுதல் செய்ய முடியும். இதைக் கண்டுபிடித்த வரிசையும் சுவாரஸ்யமானது.

1980-லேயே, இதே குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ் புரதம் ஒன்று செல்லின் வெளியுறையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டார்கள். 1984-ல் டக்ளஸ் லோவியின் குழு அடுத்த கேள்வியைக் கேட்டது. கர்ப்பவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான ஹெச்.பி.வி தடுப்பூசிக்கு அடிப்படை போட்ட அதே லோவிதான். ராஸ் புரதத்தின் வால்பகுதியில், 186-வது மணியான சிஸ்டீனை மட்டும் மாற்றினால்? புரதம் உறையில் ஒட்டவில்லை. செல்லுக்குள் சும்மா மிதந்தது. செல் புற்றாக மாறவும் இல்லை. சிக்கிய சுவிட்ச் அப்படியே இருக்கிறது. ஆனால் அது வாசலில் இல்லை.

அவள் இரண்டாவது படத்தைக் காட்டினாள். அதே பாட்டியின் செல்கள்தான். ஆனால் பச்சை, கரையாக இல்லை. செல் முழுக்க மங்கலாகப் பரவியிருந்தது.

அப்பா பார்த்த உடனே சொன்னார். “சாயம் புடிக்கல.”

“என்னப்பா?”

“இதுல சாயம் நூலப் புடிக்கல. தண்ணியிலயே நிக்குது. உப்பு சரியாப் போடலைன்னா இப்படித்தான். தொட்டி முழுக்கக் கலர் இருக்கும், நூல்ல இருக்காது. அலசினா போயிரும்.”

மூன்று வருடத்தில் எந்தப் பேராசிரியரும் அவளுக்கு இவ்வளவு எளிதாக இதைச் சொன்னதில்லை.

புரதத்தைச் சுவரில் பிடிக்க வைப்பது ஓர் எண்ணெய்ப்பசையுள்ள சிறு வால். ஃபார்னெசில் என்று பெயர். உடம்பு கொலஸ்ட்ரால் தயாரிக்கும் வழியில் பிறக்கிற பொருள் அது. செல்லின் உறை கொழுப்பால் ஆனது. எண்ணெய் எண்ணெயோடு சேரும். 186-வது மணியில் இந்த வாலை ஒரு நொதி மாட்டிவிடுகிறது. பிறகு இன்னும் இரண்டு கொழுப்புக் கொக்கிகள் சேர்ந்து புரதத்தைச் சுவரில் உறுதியாக நிறுத்துகின்றன. 1990-ல் அந்த நொதியைப் பிரித்தெடுத்தவர்களில், கொலஸ்ட்ரால் ஆய்வுக்காக 1985-ல் நோபல் பரிசு வாங்கிய கோல்ட்ஸ்டீனும் பிரவுனும் இருந்தார்கள்.

“அப்ப அந்த வாலை ஒட்ட விடாம பண்ணிட்டா முடிஞ்சுதே! மருந்து கண்டுபுடிச்சுட்டாங்களா?”

உலகமே அப்போது அப்படித்தான் நினைத்தது. 1990-களில் அந்த நொதியைத் தடுக்கும் மருந்துகளை உருவாக்கப் போட்டி நடந்தது. எலியில் பிரமாதமாக வேலை செய்தது. மனிதரில் பெரிய ஏமாற்றம். காரணம், புற்றுநோய்களில் அதிகம் கெட்டுப்போவது ஹெச்-ராஸ் அல்ல. அதன் உடன்பிறப்பான கே-ராஸ். அதற்கு ஃபார்னெசில் வால் கிடைக்காவிட்டால் வேறொரு நொதி வந்து வேறொரு வாலை மாட்டிவிடுகிறது. முன்வாசலைப் பூட்டினால் கொல்லைப்புற வழியாக வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

ஹெச்-ராஸுக்கு அந்தக் கொல்லைப்புற வழி இல்லை. அதனால் அது கெட்டுப்போன நோயாளிகளுக்கு மட்டும் இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். முற்றிய சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் கொரியாவில் நடந்த ஒரு சிறிய சோதனையின் முடிவு 2020-ல் வந்தது. சிலருக்குக் கட்டி சுருங்கியது.

“மத்ததெல்லாம் வீணாப் போச்சா?”

“அதுதான் இல்லப்பா” என்றாள் அவள்.

புரோஜீரியா என்று ஒரு நோய். குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே முதுமை வந்துவிடும். பெரும்பாலும் பதினான்கு, பதினைந்து வயதுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ கொண்டுபோய்விடும். 2003-ல் அதன் காரணம் தெரிந்தது. அங்கேயும் ஒரு புரதம், அதே ஃபார்னெசில் வால். சாதாரணமாக வேலை முடிந்ததும் அந்த வால் வெட்டப்பட்டுவிடும். இந்தக் குழந்தைகளுக்கு வெட்டப்படுவதில்லை. புரதம் உட்கருவின் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கருவையே கோணலாக்கிவிடுகிறது. புற்றுநோய்க்கென்று செய்து பெரிதாகப் பலன் தராத லோனாஃபார்னிப் என்ற மருந்தை அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் சராசரியாக இரண்டரை வருடம் கூடியது. 2020 நவம்பரில் அமெரிக்கா அதை அனுமதித்தது. அந்த நோய்க்கு அனுமதி பெற்ற முதல் மருந்து அது.

அப்பா தலையாட்டிக்கொண்டார். பிறகு, அவள் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

“என்னோடதும் இந்தப் புரதத்தால வந்ததுதானா?”

“தெரியாதுப்பா. இல்லாம இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த நோய் இருக்கறவங்கள்ல சின்னப் பகுதிக்குத்தான் இது கெட்டுப்போயிருக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “என்னோட வேலையால உங்களுக்கு இப்போ ஒரு பிரயோஜனமும் இல்ல” என்றாள். குரல் உடைந்தது. “தெனமும் இதையேதான் பாத்துட்டு உக்காந்திருந்தேன். உங்களப் பாக்கலையேப்பா.”

“நான் காட்டுனாத்தானே கண்ணு நீ பாக்க முடியும்?” என்றார் அப்பா.

“எங்க இருக்கு?”

பதினோராம் நாள் ரிப்போர்ட் வந்தது. அவள்தான் பிரித்துப் படித்தாள். புற்றுநோய்தான். வேகமாக வளரும் வகை. அந்த வரியில் நின்றுவிடாமல் கண்ணைக் கீழே இறக்கினாள். எத்தனை பெரியது என்பதைவிட அவள் தேடியது வேறு.

அப்பாவும் மருத்துவரிடம் அதையேதான் கேட்டார். “அது எங்க இருக்குங்க?”

இந்த நோயில் வைத்தியத்தைத் தீர்மானிக்கும் முதல் கேள்வியே அதுதான். சிறுநீர்ப்பையின் சுவர், ஜமக்காளத்தை மடித்து வைத்ததுபோல அடுக்கடுக்கானது. உள்ளே மெல்லிய உள்பூச்சு, அதற்கு வெளியே ஒரு தளர்வான அடுக்கு, அதற்கும் வெளியே தசை. கட்டி உள் அடுக்குகளோடு நின்றுவிட்டால் பையைக் காப்பாற்றிக்கொண்டே வைத்தியம் பார்க்க முடியும். தசைக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் பையையே எடுக்க வேண்டியிருக்கும், கீமோதெரபியும் தேவைப்படலாம். நோய் கண்டுபிடிக்கப்படும் நான்கு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு அது தசைக்குள் இறங்காத நிலையில்தான் இருக்கிறது.

“உள்பூச்சுலதான் இருக்கு. தசைத் துண்டும் எடுத்திருக்கோம், அதுல ஒண்ணும் இல்ல” என்றார் மருத்துவர். “ஆனா, வேகமான வகைங்கறதால சும்மா விட முடியாது. பிசிஜி போடணும்.”

அப்பாவுக்கு ஆச்சரியம். “கொழந்தைக்குக் கையில குத்துவாங்களே, அந்தப் பிசிஜியா?”

அதேதான். காசநோய்க்கு எதிராக 1921-லிருந்து போடப்படும் தடுப்பூசி. சென்னை கிண்டியில் அதற்கென்றே 1948-லிருந்து ஒரு ஆய்வகம் இருக்கிறது. அதில் இருக்கும் வலுவிழந்த கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் நேராகச் செலுத்தினால், உடம்பின் எதிர்ப்பு சக்தி அங்கே திரண்டு வந்து, புற்றுச் செல்களையும் சேர்த்துத் தாக்குகிறது. 1976-ல் கனடாவின் அல்வாரோ மொராலஸ் இதை முதன்முதலில் வெளியிட்டார். ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகிறது. இன்றும் இந்த நிலை நோய்க்கு முன்னணி வைத்தியம் இதுதான். இங்கேயும் இடம்தான் முக்கியம். கையில் போட்டால் இந்தப் பலன் கிடைக்காது. பைக்குள்ளேயே போய், இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை, ஆறு வாரம். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு அப்பா படுத்திருந்தார். அன்றைக்கு ராத்திரி எரியும், காய்ச்சல் அடிப்பதுபோல இருக்கும். முதல் ஆறு மணி நேரம் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும். அதன்மேல் பிளீச்சிங் திரவம் ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் காவல் நிற்பாள். “சாயத்துக்குத்தான் பிளீச்சிங் போட்டோம். இப்ப இதுக்கும் போட வேண்டியிருக்குது” என்று அப்பா உள்ளேயிருந்து சொல்வார்.

பீடியை விட்டார். அது பிசிஜியைவிடக் கஷ்டமாக இருந்தது என்கிறார். தொட்டியில் இறங்கும்போது முழங்கை வரைக்கும் கையுறை போடுகிறார்.

திண்ணைப் பேச்சு

முதல் மூன்று மாதம் முடிந்து கேமரா வைத்துப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. ஆனாலும் இது திரும்பி வரக்கூடிய நோய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தக் காலைப்பொழுது வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

அவள் மறுபடியும் இருட்டறைக்குத் திரும்பிவிட்டாள். இப்போது வாரம் ஒருமுறை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிறாள். கரை கட்டிய பச்சை என்றால் “புடிச்சிருச்சு” என்றும், பரவிய பச்சை என்றால் “புடிக்கல” என்றும் வாய்ஸ் மெசேஜ் வருகிறது. இதுவரை ஒருமுறைகூட அவர் தப்பாகச் சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், “உட்கருவுக்குப் பக்கத்துல ஒரு பச்சைத் திட்டு இருக்குதே, அது என்ன?” என்று கேட்டார். புரதம் சுவருக்குப் போகும் வழியில் தங்கிப்போகும் இடம் அது. புதிதாக ஆய்வுக்குச் சேரும் மாணவர்கள்கூட அதைத் தானாகக் கவனிப்பதில்லை என்று அவள் சொல்லிச் சிரிக்கிறாள்.

இந்த மாதம் ஊருக்குப் போனபோது அம்மா ஒரு சேதி சொன்னாள். அப்பா பட்டறையில் கூட வேலை செய்பவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். எப்படி வந்தது, எப்படி மறைத்தார், குழாய் எந்த வழியாகப் போனது என்பது வரைக்கும். கேட்டவர்களில் ஒருவர் மறுநாள் தனியாக வந்து, தனக்கும் ஒருமுறை சிவப்பாகப் போனது என்று சொன்னாராம். அப்பா அன்றைக்கே அவரை பைக்கில் உட்காரவைத்து ஈரோட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

“அப்புறம் என்னாச்சுப்பா?”

“கல்லுதானாம். மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க.”

“பரவால்லையே!”

“கல்லோ, கட்டியோ, அது உள்ள இருக்கறது” என்றார் அப்பா, காய்ந்த சிட்டங்களை எண்ணிக் கட்டிக்கொண்டே. “வாயத் தொறந்து சொல்லிட்டான் பாரு. நான் அதுக்கு மூணு மாசம் எடுத்துக்கிட்டேன்.”